நான்காவது கேள்வி

முதல் மூன்று கேள்விகளுக்குத் துலுக்காணம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான்காவதுக்கும் அப்படியேதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வேறு யாரும் சிரிக்கவில்லை.

நடுத்திட்டுக் குப்பம், பழவேற்காட்டு ஏரிக்குள் நாக்கு நீட்டிக்கிடக்கும் ஒரு மணல் மேடு. முப்பத்திரண்டு தலைக்கட்டு. பொன்னேரிக்குப் பஸ் பிடிக்க வேண்டுமானால் முதலில் படகு பிடிக்க வேண்டும். 1972, மே மாதம், செவ்வாய்க்கிழமை. கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே மணல் காலைச் சுட்டது. ஓலைப் பந்தலுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு நடுவே பேண்ட் போட்ட இரண்டு பேர். ஒருவன் முனிகிருஷ்ணன். துலுக்காணத்தின் ஒரே மகன். மதராஸில் பி.ஏ. சரித்திரம், இரண்டாம் வருஷம். குப்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். மற்றவன் அவனுடைய ஹாஸ்டல் தோழன் சின்னதுரை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பையன். அவன் அப்பா போன வருஷம்வரை பண்ணைக் கூலி. இப்போது புதிதாக வந்த இரும்புப் பட்டறையில் சுமை தூக்குகிறார்.

"லீவில் சினிமாக் கொட்டகையே கதி என்று திரியாதீர்கள். ஊருக்குப் போங்கள். நீங்கள் யார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி, புரொபசர் ஆளுக்கு நாற்பது படிவம் கொடுத்திருந்தார். சைக்ளோஸ்டைல் மை கையில் ஒட்டும் படிவம். வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கேள்வி.

காகிதத்தைப் பார்த்ததும் குப்பத்து ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்து பேர் எழுதிக்கொண்டு போன பயம் இன்னும் தெளியவில்லை. முனிகிருஷ்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லார் எதிரிலும் முதலில் தன் அப்பாவையே கேட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்.

"பேரு?"

"ஏன்டா, எம்பேரு ஒனக்குத் தெரியாதா?"

பந்தல் சிரித்தது.

"சொல்லு நைனா. தொழில்?"

"கலெக்டர்னு போட்டுக்க."

"அப்பா பேரு?"

"வரதன்."

"பொறந்த ஊரு?"

"அதுவா, தடாவுக்கு அந்தாண்ட ரெட்டிபாளெம். ரெண்டு வயசுல எங்கம்மா என்ன இடுப்புல தூக்கினு இங்க வந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த சின்னதுரை தலையை நிமிர்த்தினான். வெள்ளந்தியாகக் கேட்டான். "வரதன் இந்த ஊர்க்காரருதானே? அப்ப உங்கம்மாவுக்கு இது ரெண்டாங் கல்யாணமா?"

"ஆமாம்பா, மொத புருசன் காச்சல்ல..."

துலுக்காணத்தின் வாய் பாதியில் நின்றது.

எதிரில் உட்கார்ந்திருந்த பச்சையப்பனின் கையில் வலை ஊசியும் நின்றது. பச்சையப்பனுக்கு நாற்பத்தேழு வயது. செத்துப்போன வரதனின் தம்பி மகன். துலுக்காணத்துக்கு அண்ணன் முறை.

"தம்பி, எழுதிட்டியா?" என்றார் சின்னதுரையைப் பார்த்து.

"எழுதிட்டேங்க."

"எங்க, இன்னொரு தபா படி."

சின்னதுரை படித்தான். ஒரு சொல் விடாமல் படித்தான்.

பச்சையப்பன் வலையை மடித்து ஓரமாக வைத்தார். எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். ஊர்த் தலைவரான நாட்டார் வீட்டைப் பார்த்து நடந்தார்.

*

"படிக்க அனுப்புனா, ஊட்டுக் கூரைய பிரிக்கக் கத்துக்கினு வந்துக்கீறியா?"

கனகாம்பாள் மடவை மீனை உரசிய வேகத்தில் செதில் நாலா பக்கமும் பறந்தது. முனிகிருஷ்ணன் வாசற்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு விஷயம் இப்போதுதான் முழுக்க விளங்கியது.

ஏரியில் இறால் ஓடும் வாய்க்கால்கள் குறைவு. கண்ட இடத்தில் கண்டவன் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் எந்தத் துறையில் யார் கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரைக் கடைசி வெள்ளியில், கோயில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டுக்கு ஒரு பாடு. முப்பத்திரண்டுக்கு மேல் முப்பத்து மூன்று கிடையாது. இந்தக் குப்பத்து ஆணுக்கு, இந்த மணலில் பிறந்தவனுக்குத்தான் பாடு. பாடு இல்லாதவன் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவலாம். அடுத்தவன் படகில் கோல் போடலாம்.

"ஊருக்கே தெரிஞ்ச சேதிதானம்மா" என்றான் முனிகிருஷ்ணன். "நாட்டாருக்குத் தெரியும். பச்சையப்பன் பெரியப்பாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"தெரிஞ்சது வேற, சொன்னது வேறடா. முப்பது வருசமா ஒருத்தரும் வாயத் தொறக்கல. இந்த ஊர்ல ஒரு ஆம்பளைய பாத்து எந்த ஊட்டுப் புள்ளன்னு கேப்பாங்க. எந்த ஊர்ல பொறந்தன்னு எவனாவது கேட்டுக்கீறானா? நீ கேட்ட. பத்து பேர வெச்சுக்கினு கேட்ட!"

அப்பாவை ஒரு படிவத்தில் அடைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அவன் வந்தான். இப்போது அந்தப் படிவத்தில் தன் முறை வந்தால் தாத்தா பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

சின்னதுரை மெதுவாகச் சொன்னான். "அம்மா, ஒன்னு பண்ணலாம். வெள்ளிக்கெழம ஊர்க் கூட்டத்துல நான் எழுந்து, என் காதுல தப்பா உளுந்துச்சுன்னு சொல்லிடறேன். நான் வெளியூர்க்காரன். ரெண்டு போட்டாங்கன்னா வாங்கிக்கினு பஸ் ஏறிடுவேன்."

கனகாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன் ஊட்ல இந்தக் கேள்விய கேட்டியா?"

"கேட்டேன். பொறந்த ஊரு எதுப்பான்னேன். எந்த அறுப்புக்குப் போன ஊருன்னு எங்க ஆயாவ கேட்டாத்தான் தெரியும், அது செத்துப் போச்சுன்னாரு. அந்தக் கட்டத்துல கோடு போட்டுட்டேன்."

"எங்களுக்கும் கோடு போட்டிருக்கக் கூடாதா ராசா? குந்து, துன்னு மொதல்ல."

குழம்பு கொதித்தது. புளியும் மிளகாயும் காற்றில் காரமாக ஏறின. துலுக்காணம் வந்து உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் பிசைந்து, பிசைந்ததையே திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நைனா, ஏதாச்சும் சொல்லேன்."

"மீனு நல்லாக்கீது" என்றார் அவர். ஒரு கவளம்கூட உள்ளே போகவில்லை.

*

அன்று பொழுது சாய்வதற்குள் பச்சையப்பன் வந்தார். தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா" என்றாள் கனகாம்பாள். குரலில் உப்பு இல்லை.

"இல்லம்மா. ஒரு வார்த்த பேசிட்டுப் பூடறேன். துலுக்காணம், நான் ஒன்ன அசிங்கப்படுத்த வரல."

"சொல்லு அண்ணாத்தே."

"வெள்ளிக்கெழம சீட்டு எடுக்கறப்ப ஒடம்பு சரியில்லன்னு ஊட்லயே படுத்துக்க. பங்கு தானா பங்காளிக்கு வந்துடும். கூட்டத்துல நானும் பேச மாட்டேன், நீயும் பேச வேணாம். ஒன் பேரு கெடாது."

"வந்துடும்னா, ஒனக்கு."

"எனக்கு இல்லடா, எங்க சின்னவனுக்கு! கோவிந்தனுக்கு ரெண்டு எடத்துல பொண்ணு பாத்தாச்சு. ரெண்டு ஊட்லயும் மொதக் கேள்வியே பையனுக்குப் பாடு கீதான்னு. எனக்கு இருக்கறது ஒன்னு. அது பெரியவனுக்கு. இவன் காலம் பூரா அண்ணன் படகுல கோல் புடிச்சுக்கினு நிக்கணுமா?" பச்சையப்பனின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே கட்டிக்கொண்டார். "ஒம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? பேண்ட் மாட்டிக்கினான். ஆபீசுக்குப் போவான். அவனா சேத்துல எறங்கப் போறான்?"

"அது வரைக்கும் நாங்க இன்னா துன்றது மாமா? அந்தப் பாரத்தயா?" என்றாள் கனகாம்பாள்.

பச்சையப்பன் துலுக்காணத்தின் முகத்தையே பார்த்தார்.

"வெள்ளிக்கெழம நீ வந்து நின்னா, நாட்டாரு கற்பூரம் கொளுத்துவாரு. சத்தியம் கேப்பாரு. அம்மன் எதிர்ல நீ இன்னா சொல்லுவ?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது.

*

புதனும் வியாழனும் காற்று அசையவில்லை. ஏரி வற்றி, சேறு வெடித்து நாறியது. வியாழக்கிழமை காலை துலுக்காணம் மகனையும் சின்னதுரையையும் படகில் ஏற்றிக்கொண்டு வலை எடுக்கப் போனார். முழங்கால் தண்ணீர். அவர் கோலை ஊன்றித் தள்ள, படகு மணலை உரசிக்கொண்டு நகர்ந்தது.

வலையில் பாதி பாசி. உள்ளே கைப்பிடி இறால், நாலைந்து நண்டு. ஒரு நண்டு சின்னதுரையின் விரலைப் பிடித்துக்கொண்டது. அவன் போட்ட சத்தத்தில் தூரத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. துலுக்காணம் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பி முனிகிருஷ்ணன் சொன்னான். "நைனா, அந்தப் பாரத்த மாத்திட்டேன். ரப்பர்ல அழிச்சுட்டு நடுத்திட்டுன்னு எழுதிட்டேன்."

கோல் நின்றது.

"பேப்பர்ல ரப்பர வெச்சு அழிச்சுட்ட. பத்து பேரு காதுல உளுந்தத எத வெச்சு அழிப்ப?"

"நீ சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சுது நைனா. அம்மாவும் அதத்தான சொல்லுது. வவுத்துப் பொழப்பு, அம்மன் மன்னிச்சுடும்."

"உங்கம்மாவுக்கு அம்மன் ஒன்னு உட்ட தங்கச்சி. அது சொன்னா மன்னிச்சாலும் மன்னிக்கும்."

"அப்ப பண்ணுவியா?"

துலுக்காணம் வலையைத் தண்ணீரில் அலசினார். பாசி கரைந்து பச்சையாக ஓடியது. மகன் திரும்பவும் கேட்டான். அவர் வலையை இன்னொரு முறை அலசினார். அவ்வளவுதான். 

*

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி.

எல்லையம்மன் கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். நடுவில் புதுப் பானை. அதற்குள் முப்பத்திரண்டு சுருட்டிய சீட்டு. பானைக்குப் பின்னால் நாட்டார் மணவாளன். குள்ளமான மனிதர்; குரல் மட்டும் ஏரி தாண்டும். அப்பா பெயரைச் சேர்த்துத்தான் அவர் ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். கூப்பிட்டால் உரிமை உறுதி.

"சிங்காரம் மவன் பரசுராமன்."

பரசுராமன் வந்தார். கை விட்டார். எடுத்தார். போனார்.

ஒன்று, இரண்டு, மூன்று. முனிகிருஷ்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது அப்பா. போன வருஷமும் ஒன்பதாவதுதான். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சின்னதுரை எழுந்து பேசத் தயாராக ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தான்.

எட்டாவது ஆள் எடுத்துக்கொண்டு போனார்.

"வரதன்..." என்று தொடங்கிய மணவாளன் நிறுத்தினார்.

பச்சையப்பன் எழுந்து நின்றிருந்தார். "வரதன் மவன்னு கூப்புடாதீங்க நாட்டாரே. கூப்புட்டா முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி கேட்டுடுங்க."

"ஐயா, அது வந்து, நான்தான் தப்பா..." சின்னதுரை எழுந்தே விட்டான்.

"தம்பி, நீ குந்து. இது ஒங்க காலேஜ் இல்ல" என்றார் மணவாளன். அவன் உட்கார்ந்தான்.

மணவாளன் தட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். துலுக்காணத்தை அருகில் வரச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"துலுக்காணம், ஒரே வார்த்த. கற்பூரத்த அணைச்சுட்டு, இந்த மணல்ல பொறந்தேன்னு சொல்லு. பேச்ச இத்தோட உட்டுடலாம். யாரும் அப்பால கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

தப்பிக்க வழி திறந்துவிட்டார் நாட்டார். சுவரோரம் கனகாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துலுக்காணம் வலது கையை நீட்டினார். கை கற்பூரத்துக்கு மேலே போனது. சுடர் உள்ளங்கையைத் தொட்டது. அணைத்தால் பாடு. ஒரு நொடி. இரண்டு நொடி.

கையை இழுத்துக்கொண்டார்.

"பொய் சொல்லத் தெரியாதவன் இல்ல நான். எறா எட போடறப்ப எத்தினி சொல்லிக்கீறேன்!" என்றார். யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். "இது எங்கம்மா சமாச்சாரம் நாட்டாரே. புருசன் செத்தப்பறம் கைப்புள்ளய இடுப்புல வெச்சுக்கினு இம்மாந் தூரம் நடந்து வந்தவ. நான் இங்க பொறந்தேன்னு சொன்னா அவ நடந்தது இல்லேன்னு ஆயிடும். என்னால முடியாது. அந்தத் தம்பி எழுதினது நெசம். நான் ரெட்டிபாளெத்துல பொறந்தவன்."

வட்டம் சலசலத்தது. கனகாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  போயிற்று. முனிகிருஷ்ணன் கேட்ட ஒரே கேள்வியில் போயிற்று.

"கேட்டுக்கினீங்க இல்ல? நான் சொல்லல, அவனே சொல்றான்" என்றார் பச்சையப்பன். குரலில் சந்தோஷம் இருக்க வேண்டும். ஏனோ இல்லை.

"பங்கு ஒனக்குத்தான் அண்ணாத்தே, எடுத்துக்க" என்றார் துலுக்காணம் அவர் பக்கம் திரும்பி. "ஒன்னே ஒன்னு கேக்கறேன். நாட்டாரே, நான் அவரு மவன் இல்லேன்னா, நான் அவருக்கு வெச்ச கொள்ளி செல்லுமா?"

 கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது.

"செல்லாது" என்றார் கடைசியில்.

"அப்ப இருவத்தொம்பது வருசமா அவரு கொள்ளி இல்லாம கெடக்கறாரு. பங்கு வாங்கறவன் கொள்ளி வெக்கணும். இன்னிக்கே தலைய மழிச்சுக்க அண்ணாத்தே. சட்டியத் தூக்கு. பதினாறு நாளு ஏரில கால் வெக்காத. அப்பறமா வந்து சீட்டெடு."

நாற்பது வயது தாண்டியவர்கள் அத்தனை பேரும் மணலைப் பார்த்தார்கள். இளையவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று முனிகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. பின்னால் இருந்த பரசுராமன்தான், கேட்காமலே, அவன் காதோடு சொன்னார். "நாப்பத்து மூனுல வாந்திபேதி. அஞ்சு நாள்ல பதினோரு பேரு. ஒங்க தாத்தா ஆறாவது. பொணத்தத் தொட ஒருத்தரும் வரல. நாங்கல்லாம் படகேறி பழவேற்காட்டுக்கு ஓடிட்டோம். ஒங்கப்பனுக்குப் பதினோரு வயசு. அவனும் அவங்கம்மாவும்தான் பலகைல வெச்சு இழுத்துக்கினு போனாங்க."

"கொள்ளி வெக்க வேண்டிய பங்காளி யாரு?" என்று கேட்டான் முனிகிருஷ்ணன்.

பரசுராமன், பச்சையப்பன் நின்ற பக்கம் முகவாயை மட்டும் அசைத்தார்.

பச்சையப்பனின் சின்ன மகன் கோவிந்தனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. "நைனா, செஞ்சுடேன். மொட்டதான? மயிரு வளந்துக்கும்" என்றான் பொறுமை இல்லாமல்.

"நீ வாய மூடு!"

அதட்டலில் கோயில் மணி நாக்கே அதிர்ந்ததுபோல் இருந்தது. பச்சையப்பன் மூச்சு வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், கழுத்தைத் துடைத்தார், திரும்பத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். நாட்டார் காத்திருந்தார். குப்பமே காத்திருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் மகனுக்குப் பாடு.

அவர் துலுக்காணத்தைப் பார்த்தார். மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

"பெரியப்பா நல்லா எரிஞ்சாரா?"

துலுக்காணம் இதை எதிர்பார்க்கவில்லை.

"எரிஞ்சாரு அண்ணாத்தே. ஒடஞ்ச படகுப் பலகதான் கெடச்சுது. தாரு பூசின பலக, சீக்கிரம் புடிச்சுக்குச்சு. நடுவுல மழ வந்து அணைச்சுடுச்சு. எங்கம்மா பொடவைய புடிச்சுக்கினு நின்னுச்சு, நான் மறுபடி பத்த வெச்சேன். விடியறவரைக்கும் ஆச்சு. ஒன்னும் பாக்கி வெக்கல."

"எனக்குப் பதினெட்டு வயசு. எங்கம்மா உடல" என்றார் பச்சையப்பன். உடனே தலையை ஆட்டினார். "இல்ல. அது ஒன்னும் தடுக்கல. நான்தான் மொதல்ல படகேறுனேன்."

துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கூப்புடுங்க நாட்டாரே."

"யார?"

"வரதன் மவனக் கூப்புடுங்க."

சொல்லிவிட்டு வட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார். வீட்டுப் பக்கம் போகவில்லை. வடக்கே, பனைமரம் தாண்டி, சுடுகாட்டு மேட்டைப் பார்த்து வேகாத வெயிலில் நடந்தார். அவருடைய இரண்டு மகன்களும் "நைனா, நைனா" என்று பின்னாலேயே ஓடினார்கள்.

"வரதன் மவன் துலுக்காணம்" என்றார் மணவாளன். குரல் ஏரி தாண்டியது.

துலுக்காணம் பானைக்குள் கை விட்டார். சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். சுவரோரம் கனகாம்பாள் மூக்கைச் சிந்தினாள். முனிகிருஷ்ணன் எழுந்து அப்பாவிடம் போகப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது.

"சடையன் மவன் பச்சையப்பன்" என்றார் மணவாளன் அடுத்ததாக.

யாரும் வரவில்லை.

"சடையன் மவன் பச்சையப்பன்!"

மூன்றாம் முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அந்த வருஷம் பாடு கிடையாது. எல்லாரும் வடக்கே பார்த்தார்கள். மூன்று உருவங்கள் கானலில் நெளிந்துகொண்டிருந்தன. எட்டிப் பிடிக்க முடியாத தூரம்.

மணவாளன் மூன்றாவது முறை வாய் திறந்தார்.

"இருங்க" என்றார் துலுக்காணம். அவர் இன்னும் பானையை விட்டு நகரவில்லை. "ஆளு இல்லேன்னா அவரு பேருக்குப் பங்காளி எடுக்கலாம் இல்ல?"

மணவாளன் அவரையே பார்த்தார். பிறகு வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

பானையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எடு."